சாயப்பட்டறையின் முறை நாள்

இன்று காலை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வெந்தது. குக்கரில் இல்லை, குக்கர் எதையும் அதட்டி வேகவைக்கப் பார்க்கும். சாதாரண அலுமினியப் பாத்திரத்தில், மூடாமல். கரண்டியால் அழுத்தினால் மாவாகக் குழைந்தது. பருப்பு வெந்ததையெல்லாம் ஒருத்தி உட்கார்ந்து எழுதுவாளா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருங்கள், நான் சொல்லி முடித்துவிடுகிறேன். இந்தப் பருப்பு வேகாமல் போனதால்தான் என் வீட்டுக்காரர் கடல் தாண்டிப் போனார்.

எங்கள் தோட்டம் கம்பத்துக்குப் பக்கம் கூடலூருக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. லோயர் கேம்பில் அணைத் தண்ணீர் திறந்தால் கொஞ்ச நாளில் எங்கள் கிணற்றின் படிகள் ஒவ்வொன்றாக முழுகும். கிணறு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. என் மாமனார் வழிப் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஆளுக்கொரு பங்கு, பங்குக்கு ஒரு நாள் முறை. மோட்டார் ஒன்றுதான். யாருடைய முறையோ அவர் வீட்டில் பீஸ் கட்டை இருக்கும். மோட்டார் ரூமில் இருக்கும் பெட்டியில் அந்தப் பீங்கான் கட்டையைச் செருகினால்தான் கரண்ட் பாயும், மோட்டார் ஓடும். முறை முடிந்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த பங்குக்காரர் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள்கூட வாசற்படியில் வைத்துவிட்டு, சத்தமாக ஒரு இருமல் இருமிவிட்டுப் போவார்கள். கொடுக்காமல் இருந்தவர் என்று எங்கள் கிணற்றில் யாரும் கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் தன் முறைத் தண்ணீரை என்ன செய்கிறார் என்று மற்றவர் கேட்கக்கூடாது. நெல்லுக்குப் பாய்ச்சினாலும் சரி, வாழைக்குப் பாய்ச்சினாலும் சரி, ரோட்டில் விட்டாலும் சரி. கேட்டால் சண்டை வரும் என்று அந்தக் காலத்தில் யாரோ நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது.

எனக்குக் கல்யாணமானபோது என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். மாதத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து வருவார். விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டுவார். நான் முகத்தைப் பார்க்கிறேனோ இல்லையோ, அவர் குதிகாலைப் பார்ப்பேன். வெடிப்புகளில் சாயம் ஏறி இருக்கும். ஊதா இருந்தால் ஊதா ஆர்டர், பச்சை இருந்தால் பச்சை. "இந்த மாசம் மயில் கணக்கா வந்துருக்கீக" என்பேன். அவர் சிரித்துவிட்டுக் காலை என் சேலைத்தலைப்பில் மறைக்கிற மாதிரி நீட்டுவார். இரண்டு நாள் இருப்பார். மூன்றாவது நாள் வீடு முழுக்கச் சோடாவும் சாயமும் கலந்த ஒரு கார வாசனை மட்டும் மிச்சமிருக்கும். அந்த வாசனை போய்விடக்கூடாது என்று தலையணை உறையைத் துவைக்காமல் வைத்திருந்த பைத்தியக்காரி நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது திருப்பூரில் கோர்ட் உத்தரவு வந்தது. ஒரு சொட்டு சாயத்தண்ணீர்கூட வெளியே விடக்கூடாது. சுத்தம் செய்கிற மிஷின் இல்லாத பட்டறைகளை மூட வேண்டும். அங்கே ஆறு எந்த லட்சணத்தில் கிடந்தது என்று இவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆகவே அந்த உத்தரவு சரிதான் என்று எனக்கும் தோன்றியது. இவருடைய முதலாளி சின்ன முதலாளி. மிஷின் வைக்கக் கையில் தெம்பில்லை, வெளிநாட்டு ஆர்டரை விடவும் மனமில்லை. எங்காவது வேறு மாவட்டத்தில், நல்ல தண்ணீர் இருக்கிற இடத்தில் பட்டறையைக் கொண்டுபோய்ப் போடலாமா என்று பார்த்தார். எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொன்னது என் வீட்டுக்காரர்தான்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் பங்காளி ஒருவர் மகனோடு சென்னைக்குப் போவதாக நிலத்தை விற்கப் பேசிக்கொண்டிருந்தார். முதலாளி வந்து பார்த்தார், வாங்கினார். நிலத்தோடு கிணற்றுப் பங்கும் போனது. அந்தப் பங்கின் முறை எங்கள் முறைக்கு அடுத்த நாள். என் வீட்டுக்காரர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். திருப்பூருக்குச் சட்டம் வந்தது, எனக்குப் புருசன் வந்தார். நான் கூடலூர் கோயிலில் தேங்காய் உடைத்தேன். எதற்கு என்று பூசாரி கேட்டபோது "கோர்ட்டுக்கு" என்றேன். அவர் எனக்கு ஏதோ நிலத்தகராறு என்று நினைத்துக்கொண்டு கூடுதலாகத் திருநீறு கொடுத்தார்.

அதற்கப்புறம் வந்த வருசங்களைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்து ஏங்குகிறேன். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வாழைத்தோட்டம்தான். காலையில் குமுளிப் பக்கம் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு வெளிச்சம் தெளிகிற நேரத்தில் இவர் கையில் இரண்டு துண்டுத் துணியோடு கேட்டைத் திறந்துகொண்டு வருவார். ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரித் துண்டு. இன்னொன்று இவர் சாயம் ஏற்றியது. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் வேறாகத் தெரியும் என்பதால் விடிந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

"ஏ புள்ள, இது ரெண்டும் ஒண்ணா பாரு."

"இடது கையில உள்ளதுல கொஞ்சம் செவப்பு தூக்கலா இருக்கு."

"அங்கன லேப்ல அந்தப் பையன் சரியா இருக்குங்கிறானே."

"அப்ப அவனையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதான."

முணுமுணுத்துக்கொண்டே போவார். போய்ச் சிவப்பைக் குறைத்துவிட்டு மறுபடி வருவார். என் கண்ணுக்கு ஒத்துப்போன துணிதான் லாரி ஏறித் திருப்பூர் போய், உடுப்பாகித் தைக்கப்பட்டு, கப்பல் ஏறும். எங்கேயோ பனி பெய்கிற ஊரில் ஒரு பிள்ளை என் கண்ணுக்குச் சரியென்று பட்ட மஞ்சளைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது என்று நினைத்தால் எனக்குத் தலைகால் புரியாது.

துணி வாங்குகிற கம்பெனியிலிருந்து வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் ஒரு தடவை பட்டறையைப் பார்க்க வந்தார்கள். தீயணைக்கிற சிலிண்டரைப் பார்த்தார்கள், கக்கூஸைப் பார்த்தார்கள், வேலை பார்க்கிறவர்கள் வயதைக் கேட்டார்கள். துணியை டெஸ்டுக்கு எடுத்துப்போனார்கள். போட்டுக்கொள்கிற பிள்ளைக்குத் தோல் அரிக்கக்கூடாது, வாயில் வைத்துச் சப்பினாலும் கெடுதல் வரக்கூடாது, அப்படிப்பட்ட சாயமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் நாட்டில் சட்டமாம். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். துணியை அலசின தண்ணீர் எங்கே போகிறது என்று அந்தத் தடவை அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் கேட்காததற்கு எங்கள் வழக்கம் காரணம். அவர்கள் கேட்காததற்கு என்ன காரணமோ, அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பட்டறைக்காரர்களைப் போல முறையை மதித்தவர்கள் எங்கள் கிணற்றில் இருந்ததில்லை என்றே சொல்லலாம். அவர்கள் நாளில் தொட்டியை நிரப்பிக்கொள்வார்கள். போதாததற்குத் தங்கள் நிலத்திலேயே போர் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலையில் பீஸ் கட்டை துடைத்த கையோடு அடுத்த வீட்டுக்கு வந்துவிடும். "நம்ம பங்காளிகளுக்கு இந்தப் புத்தி இருக்கா? அசலூர்க்காரக எப்புடி நடந்துக்கிறாக பாத்தியா" என்று என் வீட்டுக்காரரின் அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரு ஆள் நல்லவரா கெட்டவரா என்பது பீஸ் கட்டையைக் கொடுக்கிற நேரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

பிறகு பருப்பு வேகாமல் போக ஆரம்பித்தது. முதலில் நான் பருப்பைத்தான் திட்டினேன். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று பையோடு கூடலூர்க் கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அதுவும் வேகவில்லை. மறுபடி போனேன். இந்தத் தடவை அவர் தராசை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யக்கா, கோவிச்சுக்கிறாதீக. இதே மூட்டைதான் ஊர் பூராம் போகுது, எல்லாருக்கும் வேகுது. உங்க கெணத்துக்காரக மட்டுந்தான் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து சண்டை போடுறீக."

வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீர் இறைத்துக் குடித்துப் பார்த்தேன். நாக்கில் ஒரு உப்புக்கரிப்பு. பட்டறைக்கு லாரி லாரியாக உப்பு வந்து இறங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும் என்று இவரே சொல்லியிருக்கிறார். அந்த உப்பு பிறகு எங்கே போகும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அதே வாரம் என் வீட்டுக்காரரின் அண்ணன் வாழை இலைகளின் ஓரம் கருகுகிறது என்று மருந்துக்கடைக்கு அலைந்துகொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

"பட்டறைத் தண்ணிய எங்கன விடுறீக?"

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"அது பட்டறை முறையில எடுத்த தண்ணி. அத நீ கேக்கக் கூடாதுல்ல."

"நான் பங்காளியாக் கேக்கல. பொண்டாட்டியாக் கேக்குறேன்."

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "வத்திப்போன போர் ஒண்ணு கெடக்குல்ல, அதுக்குள்ள" என்றார். தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. இதை நான் வெளியே சொன்னால் பட்டறை நிற்கும்; பட்டறை நின்றால் இவர் இங்கே இருக்கமாட்டார். சாயத்தைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது, மண்வெட்டியைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. சில நாள் வாயை மூடிக்கொண்டு, குடிக்கிற தண்ணீரைக் கேனில் வாங்கிக்கொண்டு, பருப்பை ராத்திரியே ஊறவைத்துச் சமாளித்தேன்.

பிறகு ஒரு முறை நாளில், எங்கள் தென்னைக்குப் பாய்ச்சி முடித்துவிட்டு மோட்டாரை நிறுத்தினேன். பீஸ் கட்டையைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த முறை பட்டறைக்கு. வழக்கமாக நானே கேட்டுவரை போய்க் கொடுத்துவிடுவேன். அன்றைக்கு அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். முதலில் பட்டறை மேனேஜர் வந்து நின்றார். "அப்புறம் தர்றேன்" என்றேன். பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். தன் வீட்டு வாசலிலேயே, பட்டறை ஆளாக நின்றார்.

"கட்டையக் குடு புள்ள."

"குடுக்க மாட்டேன்."

"நம்ம கெணத்துல இப்படி ஒரு பேச்சே கெடையாது."

"தெரியும். அதுனாலதான் எல்லாரும் வந்து என்னையக் கேப்பாக. அப்ப நான் சொல்லுவேன்."

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய் எடுத்திருக்கலாம், அடுப்படி நாலு எட்டில் இருக்கிறது. உள்ளே வந்தார். உப்பு ஜாடிப் பக்கம் பார்த்தார். காப்பி இருக்கிறதா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன், கேன் தண்ணீரில்தான். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். "நீ செய்றது சரிதான். எனக்குத்தான் வாய் வரல" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார். அந்த ஒரு சொல்லுக்கே அவருக்காக நான் எத்தனை வருசம் வேண்டுமானாலும் காத்திருப்பேன் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. பீஸ் கட்டை வரவில்லை என்றதும் பங்காளிகள் கூடினார்கள். வற்றிய போர் விசயத்தைச் சொன்னேன். பருப்பு வேகாத கதை எல்லோர் வீட்டிலும் இருந்தது. எல்லோரும் சேர்ந்து உத்தமபாளையம் தாலுகா ஆபீஸில் போய் மனுக் கொடுத்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து பாட்டில்களோடு வந்து தண்ணீர் எடுத்துப்போனார்கள். கரண்டைத் துண்டித்து, கதவுக்கு சீல் வைத்தார்கள். துணி வாங்குகிற கம்பெனியும் இப்போது திடீரென்று விழித்துக்கொண்டு, தண்ணீரைச் சுத்தம் செய்கிற மிஷின் உண்டா என்று கேட்டது. உண்டு என்று சொல்ல முதலாளியிடம் மிஷினும் இல்லை, இனி வாங்குகிற எண்ணமும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஒரு நாடு, அதன் பெயரைச் சொன்னால் எனக்கு இப்போதும் நாக்கு பிசகும். அங்கே தைத்த உடுப்பை அனுப்பினால் வரி கிடையாதாம், இங்கிருந்து அனுப்பினால் உண்டாம். பட்டறை போட இடமும் கொடுத்து, பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டார்களாம். மிஷின்களைக் கழற்றிக் கன்டெய்னரில் ஏற்றினார்கள். மாஸ்டரையும் கூட்டிக்கொண்டார்கள். நிலத்தை மட்டும் முதலாளி விற்கவில்லை.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பினேன். குனிந்து பெட்டியைத் தூக்கும்போது குதிகாலைப் பார்த்தேன். பட்டறை மூடிக் கொஞ்ச காலம் ஆனதால் சாயமெல்லாம் போய்ச் சாதாரணக் காலாக இருந்தது. அந்தக் காலைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

வருசத்துக்கு ஒரு தடவை வருகிறார். மற்ற நாளெல்லாம் போனில்தான். அங்கே விடிகிற நேரத்தில் இங்கே நான் இரண்டாவது காப்பியும் குடித்து முடித்திருப்பேன். முதலில் இரண்டு துண்டுத் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். "ஒண்ணா பாரு" என்பார். போனில் கலர் சரியாகத் தெரியாது என்று அவருக்கும் தெரியும். "செவப்பு தூக்கலா இருக்கு" என்று நானும் ஏதாவது சொல்வேன். "சரி, கொறைக்கிறேன்" என்பார். எனக்கு அவர் பக்கத்தில் வேண்டும். கேட் திறக்கிற சத்தம் வேண்டும், கார வாசனை வேண்டும். பங்காளி வீட்டு மனிதர் கேட்டைத் திறந்தால்கூட எட்டிப் பார்க்கிறேன்.

கிணற்றில் ஒரு விசயம் மட்டும் மாறவில்லை. பட்டறை போனாலும் பங்கு முதலாளியுடையதுதான். முறை என்றால் முறை. அவர் நாளில் யாரும் மோட்டாரைப் போடுவதில்லை. எங்கள் முறை முடிந்ததும் பீஸ் கட்டையை உப்பு ஜாடிப் பக்கத்தில் வைத்துவிடுவேன். ஒரு நாள் முழுக்கக் கிணறு சும்மா கிடக்கும். மறுநாள் காலை நான் அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாய்க்காலில் தண்ணீர் வந்து, மழை பெய்து, கிணறு நிறைந்து வடிந்து, திரும்ப நிறைந்து, இப்படிப் பல தடவை ஆனது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு ஒரு பிடி பருப்பை வேகப்போட்டுப் பார்ப்பேன். கல்லு கல்லாகக் கிடக்கும். ஆட்டுக்குப் போட்டுவிடுவேன். போன மழைக்குத் தண்ணீரில் உப்புக்கரிப்பு கொஞ்சம் குறைந்திருந்ததைப் போனில் அவரிடம் சொன்னேன்.

இன்று வெந்துவிட்டது. போன் வந்ததும் துணியைக் காட்டவே விடவில்லை. பாத்திரத்தை அப்படியே காமிரா முன்னால் சாய்த்துக் காட்டினேன்.

"கெணத்துத் தண்ணி! பாருங்க, எப்படிக் கொழைஞ்சிருக்குன்னு பாருங்க!"

அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்தாரா, கண்ணாடியைத் துடைத்தாரா, சரியாகத் தெரியவில்லை. பிறகு, "நான் உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார். "இங்கனயும் ஆபீசருங்க பாட்டிலோட வந்துட்டாக. பக்கத்து ஊர்ப் பொம்பளைங்க கொடத்தோட வந்து பட்டறை கேட்டுல நிக்கிறாக. அவுக பேசுறது ஒரு வார்த்தை எனக்கு வெளங்காது. ஆனா என்ன சொல்றாகன்னு தெரியும். அதிக நாள் ஓடாது."

முகம் தெரியாத அந்த ஆபீசர்களுக்கும் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"மொதலாளி என்ன சொல்றாக?"

"வேற நாடு பாக்குறாக. பாஸ்போர்ட்டு உசுரோட இருக்கான்னு கேட்டாக. நான் வரலைன்னுட்டேன். வீட்டுக்குப் போறேன், எங்க கெணத்துத் தண்ணி தெளிஞ்சிக்கிட்டு வருதுன்னு வீட்டுல சொல்றாகன்னேன்."

"அதுக்கு?"

பின்னால் ஏதோ மிஷின் ஓடி நின்றது.

"நல்லாயிருச்சான்னு கேட்டாக. அப்ப அங்கனயே மறுபடி ஆரம்பிக்கலாமே, பங்கு நம்மகிட்டதான இருக்கு, நீயும் வீட்டோட இருக்கலாம்ங்கிறாக. உங்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உடனே வாய் வரவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு இரண்டு துண்டுத் துணியோடு அவர் வருவது கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒரு தலையாட்டல் போதும், அடுத்த மாதமே வந்துவிடுவார். அதற்குப் பிறகு எங்கேயும் போகமாட்டார். அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் பீஸ் கட்டை இருந்தது. இன்று பட்டறையின் முறை நாள்.

பாத்திரத்தில் பருப்பு ஆறிக்கொண்டிருந்தது. போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சொன்னேன்:

"நீங்க மட்டும் வாங்க."